ரேண்டம் ஃபைபர் லேசர்: 25 கி.மீ. ஒளியிழையும் ஒரே ஒரு ஆடியும் கொண்டு அமைக்க முழுமையான வழிகாட்டி

லேசர் என்றதும் எதிரெதிராக இரண்டு ஆடிகள், நடுவே ஒளியைப் பெருக்கும் ஊடகம் என்ற படம்தான் மனத்தில் வரும். ரேண்டம் ஃபைபர் லேசரில் அந்த ஆடிகளில் ஒன்றையோ இரண்டையுமோ எடுத்துவிடலாம். ஒளியைத் திருப்பி அனுப்பும் வேலையை இழைக்குள் இருக்கும் ரேலே சிதறலே செய்யும். இந்த வழிகாட்டியில் தொலைத்தொடர்புக்குப் பயன்படும் சாதாரண ஒளியிழை 25 கி.மீ., 1455 நானோமீட்டர் பம்ப் (பெருக்கத்துக்கு ஆற்றல் ஊட்டும் லேசர்), ஒரு முனையில் மட்டும் ஆடி என்று எடுத்துக்கொண்டு, 1555 நானோமீட்டர் அருகே ஒளிரும் லேசரைப் படிப்படியாக அமைக்கிறோம்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்த லேசரில் கடினமான வேலை ஒளிர வைப்பது அல்ல. வேறு எந்தத் தேவையற்ற பிரதிபலிப்பும் ரேலே சிதறலை முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான். ஒளிர்ந்துவிட்டது என்பதற்காக அது ரேண்டம் லேசர் ஆகிவிடாது.

திரும்பி வரும் ஒளி எவ்வளவு?

உருகிய சிலிக்காவை இழையாக இழுத்துக் குளிரவைக்கும்போது அதன் அடர்த்தியில் மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் அப்படியே உறைந்துபோகின்றன. அலைநீளத்தைவிடச் சிறிய அந்த மேடுபள்ளங்களில் பட்டு ஒளி எல்லாத் திசையிலும் சிதறுகிறது. இதுதான் ரேலே சிதறல். 1550 நானோமீட்டரில் ஒரு கி.மீ.க்கு 3 முதல் 4 சதவீத ஒளி இப்படிச் சிதறும். சிதறியதில் ஆயிரத்தில் ஒன்று, ஒன்றரைப் பங்குதான் இழையின் உள்ளகத்துக்குள்ளேயே பின்னோக்கித் திரும்பும். கணக்காகச் சொன்னால் ஒரு கி.மீ.க்குச் சுமார் 0.000045. நீண்ட இழை முழுவதிலிருந்தும் திரும்புவதைக் கூட்டினால்கூட உள்ளே போனதைவிட 33 டிபி (டெசிபல்) குறைவு, அதாவது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

ஓடிடிஆர் (ஒளித் துடிப்பை அனுப்பி, திரும்புவதை வைத்து இழையைச் சோதிக்கும் கருவி) பிடித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. திரையில் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் அந்தக் கோடே இந்தப் பின்சிதறல்தான். அங்கே அளவெடுக்கப் பயன்படுவது, இங்கே ஆடியாக வேலை செய்கிறது.

இரண்டாயிரத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு லேசரா என்றால், பெருக்கம் போதுமானதாக இருந்தால் முடியும். அந்தப் பெருக்கத்தைத் தருவது ராமன் சிதறல்: பம்ப் ஒளி தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழையின் மூலக்கூறுகளுக்கு விட்டு, நீண்ட அலைநீளத்துக்கு மாறுவது. திருச்சியில் பிறந்த சி.வி.ராமன், கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து 1928-இல் கொல்கத்தாவில் கண்டறிந்த அதே விளைவு. சிலிக்கா இழையில் பம்ப் ஒளியின் அதிர்வெண்ணிலிருந்து 13.2 டெராஹெர்ட்ஸ் கீழே இந்தப் பெருக்கம் உச்சத்தில் இருக்கும். 1455 நானோமீட்டரில் பம்ப் செய்தால் உச்சம் 1555 நானோமீட்டர் அருகே விழும். அதையடுத்து 1567 அருகே இன்னொரு சின்ன உச்சமும் உண்டு. இந்த 1567 பின்னால் ஒரு கேள்வியாக வரும்.

2010-இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க், பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட சோதனையில் 83 கி.மீ. இழை. அதன் நடுவிலிருந்து இரு பக்கமும் 1455 நானோமீட்டர் பம்ப். ஆடி ஒன்றுகூட இல்லை. மொத்தப் பம்ப் 1.6 வாட்டைத் தொட்டதும் லேசர் பற்றிக்கொண்டது. நாம் அமைக்கப்போவது அதையே நடுவில் மடித்த வடிவம். நடுப்புள்ளியில் ஓர் ஆடியை வைத்துவிட்டால் ஒரு பக்கத்து இழை போதும், பம்பும் கிட்டத்தட்டப் பாதி போதும்.

இழையின் நீளத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது

லேசர் பற்றிக்கொள்ளும் பம்ப் திறனை ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வதுபோல் திரெஷோல்டு என்றே சொல்வோம். அதைக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். கணக்கிடாமல் ஸ்ப்ளைஸ் எந்திரத்தை (இழை முனைகளை உருக்கி ஒட்டுவது) தொடாதீர்கள். பின்னால் இந்த எண்தான் உங்களுக்கு உரைகல்.

எடுத்துக்கொள்ளும் மதிப்புகள்: ராமன் பெருக்கக் கெழு ஒரு வாட்டுக்கு, ஒரு கி.மீ.க்கு 0.39. 1455-இல் இழப்பு கி.மீ.க்கு 0.25 டிபி. 1555-இல் 0.20 டிபி. ஆடியிலிருந்து கிளம்பும் ஒளி ஒவ்வொரு கி.மீ. தூரத்துக்கும் போய்வரும்போது எத்தனை மடங்கு பெருகுகிறது என்று கண்டு, அதை 0.000045-ஆல் பெருக்கி, இழை முழுவதுக்கும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையை ஆடியின் பிரதிபலிப்போடு பெருக்கினால் 1 வரும் இடமே திரெஷோல்டு.

நல்ல ஆடியோடு இந்தக் கணக்கு தரும் விடை: 10 கி.மீ. இழைக்குச் சுமார் 1.8 வாட், 25 கி.மீ.க்கு 1.05 வாட், 50 கி.மீ.க்கு 0.87 வாட். 50-ஐத் தாண்டினால் பயன் ஒன்றுமில்லை. 0.87 வாட் பம்ப் சுமார் 35 கி.மீ. போனதும் மெலிந்து, பெருக்கம் இழப்புக்குச் சமமாகிவிடும். அதற்கப்பால் இருக்கும் இழை ஒளியைத் தின்னுமே தவிர வளர்க்காது. 10 கி.மீ. எடுத்தால் பம்ப் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது. 25 கி.மீ. சுருள் எளிதாகக் கிடைக்கும், ஒரு மேசையில் அடங்கும், பம்பும் 2 வாட்டுக்குள் முடிந்துவிடும். முதல்முறை அமைப்பவர்களுக்கு இதுவே சரி.

தேவையான பாகங்கள்

- 1455 நானோமீட்டர் தொடர் அலை ராமன் ஃபைபர் லேசர், குறைந்தது 2 வாட், முனைவாக்கம் (ஒளியலை ஒரே திசையில் அதிர்வது) நீக்கப்பட்டது
- ஜி.652.டி இழை 25 கி.மீ. சுருள், எஸ்எம்எஃப்-28 வகை
- 1455/1550 டபிள்யூடிஎம் (இரண்டு அலைநீளங்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் உதவுவது) இரண்டு, 3 வாட்டுக்கு மேல் தாங்கக்கூடியவை
- 1550-க்கான 50:50 கப்ளர் (ஒளியைப் பங்கிடுவது), இரண்டு உள்ளீடு இரண்டு வெளியீடு கொண்டது
- மூன்று தட்டு முனைவாக்கக் கட்டுப்படுத்தி
- 1550 ஐசொலேட்டர் (ஒளியை ஒரு திசையில் மட்டும் விடுவது), வாட் அளவு திறன் தாங்குவது
- 99:1 டேப் கப்ளர் (அளக்க 1 சதவீதத்தை மட்டும் பிரித்தெடுப்பது)
- எட்டு டிகிரி ஏபிசி (முனை சாய்வாகத் தீட்டிய) கனெக்டர் பொருத்திய பிக்டெயில்கள், அதாவது குட்டை இழைகள்
- அளக்க: வெப்ப வகைத் திறன்மானி, ஓஎஸ்ஏ (ஒளி நிறமாலையைக் காட்டும் கருவி), சில மெகாஹெர்ட்ஸ் ஃபோட்டோடயோடு, மின் ஸ்பெக்ட்ரம் அனலைசர், ஓடிடிஆர், 1 மில்லிவாட் அளவிலான 1550 சோதனை ஒளிமூலம்

பம்பில் முனைவாக்கம் நீக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ராமன் பெருக்கம் பம்பும் சிக்னலும் (பெருகும் 1555 ஒளி) ஒரே முனைவாக்கத்தில் இருக்கும்போது அதிகமாகவும், செங்குத்தாக இருக்கும்போது மிகக் குறைவாகவும் இருக்கும். முனைவாக்கம் கொண்ட பம்பைப் போட்டால் யாராவது இழையைத் தொட்டாலே வெளியீடு ஏறி இறங்கும்.

சுருள் வாங்கும்போது ஜி.657 வகையைத் தவிர்த்துவிடுங்கள். வளைத்தாலும் ஒளி கசியாத இழை அது. நமக்கோ வளைத்து ஒளியைக் கசியவிட வேண்டிய இடம் ஒன்று பின்னால் வருகிறது.

கண்ணும் கையும்

1455, 1555 இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. இந்த அலைநீளங்கள் விழித்திரைக்குப் போவதில்லை என்பதை வைத்து "கண்ணுக்குப் பாதுகாப்பானது" என்று பேசுவார்கள். வாட் அளவில் அது பொய். ஒளி கருவிழிப் படலத்திலேயே உறிஞ்சப்பட்டு அங்கேயே சுட்டுவிடும். 1400 முதல் 1600 வரை தடுக்கும் கண்ணாடி அணியாமல் பம்பை இயக்கக் கூடாது. நிறுத்தும் பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பம்ப் ஓடும்போது இழையை வெட்டுவது, ஸ்ப்ளைஸ் செய்வது, கனெக்டரைக் கழற்றுவது எதுவும் கூடாது. கிளீவரில் (இழை வெட்டும் கருவி) உடைந்த துணுக்குகளை மூடியுள்ள புட்டியில் போடுங்கள். விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

இன்னொரு ஆபத்து ஃபைபர் ஃபியூஸ். சாதாரண ஒற்றைமுறை இழையில் சுமார் 1.2 முதல் 1.5 வாட்டுக்கு மேல் ஒளி ஓடும்போது, ஓர் அழுக்குக் கனெக்டரோ எரிந்த முனையோ இருந்தால் அந்த இடத்தில் உள்ளகம் பிளாஸ்மாவாக மாறிவிடும். வெள்ளை வெளேரென்று ஒரு புள்ளி. அது அங்கேயே நிற்காது. நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான வேகத்தில், மனிதன் மெதுவாக நடக்கும் வேகத்தில், இழைக்குள் பம்பை நோக்கி நகர்ந்து வரும். அது கடந்து வந்த இழையின் உள்ளகத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால் வரிசையாகக் குமிழிகள் தெரியும். அந்த நீளம் முழுவதும் குப்பைதான். பம்பை அணைத்தால் மட்டுமே நிற்கும். பம்பு வரை வந்துவிட்டால் பம்பும் போகும்.

எனவே விதி எளிது: பம்பிலிருந்து சுருள் வரை எங்கும் கனெக்டர் இருக்கக் கூடாது. எல்லாமே ஸ்ப்ளைஸ்.

படி 1: சுருளைப் பரிசோதித்தல்

1 கி.மீ. முன்னிழையோடு ஓடிடிஆரை 1550-இல் வைத்து, சுருளை இரண்டு முனையிலிருந்தும் பாருங்கள். சரிவு கி.மீ.க்கு 0.19 முதல் 0.20 டிபி, மொத்த இழப்பு 5 டிபி அளவில் இருக்க வேண்டும். இடையில் மேல்நோக்கி ஒரு முள் தெரிந்தால் அங்கே பிரதிபலிக்கும் இணைப்போ விரிசலோ இருக்கிறது என்று பொருள். அந்தச் சுருள் இந்த வேலைக்கு ஆகாது. கீழ்நோக்கிய சின்னப் படி, அதாவது பிரதிபலிப்பில்லாத ஸ்ப்ளைஸ் இழப்பு, 0.05 டிபிக்குள் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

படி 2: லூப் ஆடி

50:50 கப்ளரின் இரண்டு வெளியீட்டுக் கால்களையும் முனைவாக்கக் கட்டுப்படுத்தி வழியாக ஒன்றோடொன்று ஸ்ப்ளைஸ் செய்தால் வளையம் உருவாகும். ஓர் உள்ளீட்டில் போன ஒளி இரண்டாகப் பிரிந்து, வளையத்தை எதிரெதிராகச் சுற்றிவந்து, மீண்டும் கூடி வந்த வழியே திரும்பும். கப்ளரின் பங்கீடு சற்றுப் பிசகினாலும் பயமில்லை: 45:55 என்றாலும் பிரதிபலிப்பு 99 சதவீதம், 40:60 என்றாலும் 96 சதவீதம். கெடுப்பது வேறு. வளையத்து இழை முறுக்கிக் கிடந்தால் முனைவாக்கம் மாறி, ஒளி திரும்பாமல் நான்காவது கால் (பயன்படுத்தாத மற்ற உள்ளீடு) வழியே கசியும்.

சரிசெய்ய, சோதனை ஒளிமூலத்தின் 1 மில்லிவாட்டை உள்ளே அனுப்பி, நான்காவது காலில் திறனை அளந்தபடி தட்டுகளைத் திருப்புங்கள். உள்ளே போனதைவிடக் குறைந்தது 20 டிபி கீழே வந்ததும் தட்டுகளை நாடா ஒட்டி அசையாமல் நிறுத்துங்கள். அந்த நான்காவது காலை வெட்டி எறிய வேண்டாம். ஏபிசி பிக்டெயில் ஒன்றை ஸ்ப்ளைஸ் செய்து வையுங்கள். லேசருக்குள் நடப்பதை எட்டிப் பார்க்கும் சன்னல் அதுதான்.

ஃபைபர் பிராக் கிரேட்டிங்கை (குறுகிய அலைநீளப் பகுதியை மட்டும் திருப்பும் இழைத் துண்டு) ஆடியாக வைத்தால் அலைநீளம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும். ஆனால் கிரேட்டிங்கின் அகலம் 1 நானோமீட்டருக்குக் குறைவாக இருந்தால், திறன் ஏற ஏற விரியும் லேசர் நிறமாலை அதன் இருபுறமும் வழிந்து பின்பக்கம் வெளியேறும். முதல்முறைக்கு லூப் ஆடியே நல்லது. முனையில் தங்கம் பூசிய ஆடிகளை இந்தத் திறனில் வைக்காதீர்கள், பூச்சு கருகிவிடும்.

படி 3: முதல் டபிள்யூடிஎம்

இதற்கு மூன்று கால்கள். பம்ப் காலில் 1455, சிக்னல் காலில் லூப் ஆடி, பொதுக்காலில் சுருள் (இதை மட்டும் படி 5-இல் அளந்த பிறகு இணைப்போம்). காலின் நிறத்தை நம்பி ஸ்ப்ளைஸ் செய்யாதீர்கள். நிறக்குறி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். சோதனை ஒளிமூலத்தைக் கொண்டு பொதுக்காலிலிருந்து சிக்னல் காலுக்கு இழப்பு 0.5 டிபிக்குள் இருக்கிறதா, பம்ப் காலுக்குப் போவது 20 டிபிக்கு மேல் தடுக்கப்படுகிறதா என்று பார்த்துக் காகிதம் ஒட்டிக் குறித்துக்கொண்ட பிறகே இணையுங்கள்.

ஸ்ப்ளைஸ் ஒவ்வொன்றும் 0.05 டிபிக்குள் வர வேண்டும். கிளீவ் கோணம் ஒரு டிகிரியைத் தாண்டினால் திரும்ப வெட்டுங்கள். ஆல்கஹாலில் துடைத்த பின் இழையின் வெற்றுப் பகுதியை விரலால் தொட்டால் மறுபடி துடையுங்கள். ஆடிப்பக்கத்து இழப்பை ஒளி இரண்டு முறை அனுபவிக்கிறது என்பதால் இங்கே கஞ்சத்தனம் கூடாது.

படி 4: தொலைமுனை, நுணுக்கமான இடம்

சுருளின் மறுமுனையை நேராக வெட்டிக் காற்றில் விட்டால் அங்கே சுமார் 3.5 சதவீத ஒளி திரும்பும். பார்க்கச் சின்ன எண். ஆனால் 25 கி.மீ. போய் வந்த ஒளி 1 வாட் பம்பில் சுமார் 3,000 மடங்கு பெருகுகிறது. 0.035-ஐ 3,000-ஆல் பெருக்கினால் 100-க்கு மேல். அதே பம்பில் ரேலே சிதறல் தருவதோ 0.9. முனை பிரதிபலிப்பு நூறு மடங்குக்கு மேல் முந்திக்கொண்டது. கையில் இருப்பது இரண்டு ஆடி வைத்த சாதாரண ராமன் லேசர்.

முனையிலிருந்து திரும்புவது 50 டிபிக்குக் கீழே அடங்கினால் அதன் பங்கு 0.03. 60 டிபிக்குக் கீழே போனால் 0.003. அப்போதுதான் ரேலே சிதறலுக்கு இடம் கிடைக்கும். சாதாரண பிசி கனெக்டர் 40 டிபி, யுபிசி 50, ஏபிசி 60 என்ற அளவில் இருக்கும். ஒரு தூசி இருந்தாலே யுபிசி பிசியாக இறங்கிவிடும். ஏபிசி மட்டுமே.

எனவே வரிசை இப்படி: சுருளின் முனை, இரண்டாவது டபிள்யூடிஎம்மின் பொதுக்கால், அதன் 1550 காலில் ஐசொலேட்டர், பிறகு 99:1 டேப். டேப்பின் 99 சதவீதக் கால் சாய்வெட்டு முனையோடு வெப்ப வகைத் திறன்மானிக்குப் போகும். 1 சதவீதக் கால் ஓஎஸ்ஏவுக்கும் ஃபோட்டோடயோடுக்கும். மிச்சப் பம்ப் வெளியேறும் 1455 காலையும் மறக்க வேண்டாம். திரெஷோல்டில் சுமார் கால் வாட் அங்கே வரும். அதையும் சாய்வாக வெட்டி, ஒரு கருப்பு உலோகத் தட்டில் விழும்படி இறுக்கி வையுங்கள்.

ஐசொலேட்டரைப் பம்புக்கும் சுருளுக்கும் நடுவிலோ ஆடிப்பக்கமோ வைத்துவிடாதீர்கள். ஒளி இரு திசையிலும் ஓடினால்தான் இந்த லேசர். அடிக்கடி நடக்கும் தவறு இது.

படி 5: உண்மையில் உள்ளே போகும் பம்ப்

நாம் கணக்கிட்ட 1.05 வாட் சுருளுக்குள் நுழையும் திறன். பம்ப் பெட்டியின் திரை காட்டுவது அதுவல்ல. டபிள்யூடிஎம்மில் 0.3 டிபி போனாலே 7 சதவீதம் காணாமல் போகும். சுருளை இணைப்பதற்கு முன் பொதுக்காலின் முனையைத் திறன்மானியில் காட்டி, திரையில் 0.2, 0.5, 1.0, 1.5 வாட் வைக்கும்போது வெளியே எவ்வளவு வருகிறது என்று அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பம்பை அணைத்துச் சுருளை ஸ்ப்ளைஸ் செய்யுங்கள்.

படி 6: பம்பை ஏற்றுதல்

0.1 வாட் படிகளில் ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடம் பொறுத்து வெளியீட்டைக் குறியுங்கள். 0.8 வாட் வரை ஓஎஸ்ஏவில் 1555-ஐ மையமாகக் கொண்ட அகன்ற மேடு மட்டும் தெரியும். அது வெறும் பெருக்கப்பட்ட தன்னிச்சை ஒளி. 0.9-க்கு மேல் 0.02 வாட் படிகளுக்கு மாறுங்கள்.

திரெஷோல்டில் நடப்பதைக் கண் இமைக்காமல் பாருங்கள். மேட்டின் உச்சியில் முள் முள்ளாகக் கோடுகள் எழும். ஒவ்வொரு முறை அலகிடும்போதும் வேறு வேறு இடத்தில் எழுந்து மறையும். சில சமயம் ஒன்றுக்கொன்று 0.09 நானோமீட்டர் இடைவெளியில் வரிசையாகவும் நிற்கும். அது பிரில்லூவன் சிதறலின் (இழையில் எழும் ஒலி அலைகளில் பட்டு ஒளி பின்னோக்கித் திரும்புவது) அடையாளம், சுமார் 11 கிகாஹெர்ட்ஸ் இடப்பெயர்ச்சி. இன்னும் 10, 20 சதவீதம் ஏற்றியதும் முட்கள் ஒன்றோடொன்று கலந்து, 1 முதல் 2 நானோமீட்டர் அகலமுள்ள வழவழப்பான மணி வடிவமாகிவிடும். அதன்பிறகு அது அசையாது. இழை அறையின் வெப்பநிலைக்கு ஏற்ப நீண்டு குறுகினாலும், இந்த லேசருக்குக் குறிப்பிட்ட நீளம் என்று ஒன்று இல்லாததால் அலைநீளம் துள்ளுவதில்லை.

படி 7: இது ரேண்டம் லேசர்தானா?

மூன்று சோதனைகள். மூன்றிலும் தேற வேண்டும்.

முதலாவது, திரெஷோல்டு. தொலைமுனையை நேராக வெட்டியிருந்தால் 25 கி.மீ.க்குத் திரெஷோல்டு சுமார் 0.56 வாட்டாக இருக்கும். ரேலே சிதறல் மட்டும் என்றால் 1.05 வாட். உங்கள் லேசர் 0.7 வாட்டிலேயே பற்றிக்கொண்டால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். எங்கோ ஒரு பிரதிபலிப்பு ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது, வளைவுச் சோதனை. பம்பை அணைத்து, சுருளின் முனைக்கும் இரண்டாவது டபிள்யூடிஎம்முக்கும் இடையே உள்ள இழையைப் பென்சில் தடிமனுள்ள உருளையில் பத்துச் சுற்று சுற்றி நாடா ஒட்டுங்கள். பம்பைத் திரெஷோல்டுக்குச் சற்றே மேலே வைத்து லூப் ஆடியின் நான்காவது காலைப் பாருங்கள். சுற்றுவதற்கு முன்பிருந்த அதே திறன் வந்தால் தொலைமுனைக்கும் லேசருக்கும் தொடர்பில்லை, நல்லது. விழுந்துவிட்டால் தொலைமுனைதான் ஆடியாக இருந்திருக்கிறது. திரெஷோல்டுக்கு வெகு மேலே இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். வளைவில் கசியும் வாட் கணக்கான ஒளி இழையின் மேலுறையை எரித்துவிடும்.

மூன்றாவதுதான் அசைக்க முடியாத சான்று. ஃபோட்டோடயோடின் சிக்னலை மின் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் 0 முதல் 1 மெகாஹெர்ட்ஸ் வரை, 300 ஹெர்ட்ஸ் பகுதிறனில் பாருங்கள். இரண்டு ஆடிகளுக்கு நடுவே ஒளி ஓடினால் அந்தத் தூரத்துக்கு உரிய இடைவெளியில் சீப்புப் பற்கள்போல் உச்சங்கள் தெரியும். 102-ஐ இழையின் கி.மீ. நீளத்தால் வகுத்தால் அந்த இடைவெளி கிலோஹெர்ட்ஸில் கிடைக்கும். 25 கி.மீ.க்கு 4.1 கிலோஹெர்ட்ஸ். உண்மையான ரேண்டம் லேசரில் இந்தச் சீப்பு இருக்காது, வழவழப்பான இரைச்சல் மட்டும்தான். சீப்பு தெரிந்தால் அதன் இடைவெளியே திருடனைக் காட்டிக்கொடுக்கும்: 102 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஆடியிலிருந்து 1 கி.மீ. தூரத்தில் பிரதிபலிப்பு. அங்கே போய்ப் பாருங்கள்.

பழுதும் காரணமும்

*1.5 வாட் வரை ஏற்றியும் ஒளிரவில்லை.* பெரும்பாலும் ஆடிப்பக்கம். நான்காவது காலில் நிறைய ஒளி வந்தால் லூப் ஆடியின் முனைவாக்கம் கலைந்திருக்கிறது. வரவே இல்லையென்றால் டபிள்யூடிஎம்மின் கால்கள் மாறியிருக்கலாம், அல்லது ஸ்ப்ளைஸ் முறிந்திருக்கலாம். ஆடி முற்றிலும் இல்லாத அளவுக்குக் கெட்டிருந்தாலும் பம்பைக் கண்டபடி ஏற்றித் தேடாதீர்கள். ஃபைபர் ஃபியூஸின் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது.

*முட்கள் மறையவே இல்லை.* திரெஷோல்டைவிட ஒன்றரை மடங்கு ஏற்றிய பிறகும் நிறமாலை துள்ளினால், பம்பின் திறன் ஏறி இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பம்ப் முன்னோக்கி ஓடும் இந்த அமைப்பில் பம்பின் இரைச்சல் அப்படியே லேசருக்கு வந்து சேரும். பம்ப் நிலையாக இருந்தால் மீண்டும் மூன்றாவது சோதனைக்குப் போங்கள்.

*1555-இலும் 1567-இலும் இரண்டு உச்சம்.* பழுதல்ல. சிலிக்காவின் ராமன் பெருக்கத்துக்கே இரண்டு முகடு உண்டு என்று முன்பு பார்த்தோம். ஒன்றுதான் வேண்டுமென்றால் சிக்னல் காலுக்கும் லூப் ஆடிக்கும் நடுவே வடிகட்டி ஒன்றை வையுங்கள். அதன் இழப்பு இரண்டு முறை சேருவதால் திரெஷோல்டு சற்று ஏறும்.

*ஓஎஸ்ஏவில் 1669 அருகே புது மேடு.* லேசர் ஒளியே அடுத்த ராமன் படிக்குப் பம்பாகிவிட்டது. இதற்கு மேல் பம்ப் செய்வது 1555-க்குப் போய்ச் சேராது. கூடுதல் திறன் வேண்டுமானால் இழையைக் குறைக்க வேண்டும், பம்பைக் கூட்ட வேண்டும்.

*ஓஎஸ்ஏ திடீரென்று தவறான அளவு காட்டுகிறது.* டேப் இல்லாமல் நேரடியாக இணைத்திருப்பார்கள். அரை வாட் வெளியீட்டில் 1 சதவீதம் என்றால் 5 மில்லிவாட், ஓஎஸ்ஏ தாங்கும். ஃபோட்டோடயோடுக்கு அதுவும் அதிகம். 10 டிபி அட்டெனுவேட்டர் போட்டு 1 மில்லிவாட்டுக்குள் இறக்குங்கள்.

1455 பம்ப் கிடைக்காவிட்டால்

வாட் அளவு ராமன் பம்ப் எல்லா ஆய்வகத்திலும் இருக்காது. எர்பியம் கலந்த இழையைப் பெருக்கியாக வைத்துக் குறைந்த திறனில் இதே தத்துவத்தைச் செய்யலாம். 980 நானோமீட்டர் டயோடு 300 மில்லிவாட், 980/1550 டபிள்யூடிஎம், 3 முதல் 5 மீட்டர் எர்பியம் இழை, அதன் ஒரு பக்கம் லூப் ஆடி, மறுபக்கம் 10 கி.மீ. சாதாரண இழை. இங்கே நீண்ட இழை பெருக்காது, சிதறி மட்டும் அனுப்பும். 10 கி.மீ.யிலிருந்து திரும்புவது 35 டிபி குறைவு. ஆகவே எர்பியம் இழை ஒருமுறை கடக்கையில் 18 டிபி பெருக்கினால் போதும். அது எளிது. எர்பியம் பெருக்கியை மொத்தமாக வாங்கிப் பொருத்த முயலாதீர்கள். அதற்குள் ஐசொலேட்டர்கள் இருக்கும், ஒளி திரும்பாது.

இந்த வடிவத்தின் தொல்லை பிரில்லூவன். எர்பியம் இழை ஆற்றலைச் சேமித்து வைக்கும். நீண்ட இழையில் குறுகிய கோடு ஒன்று சில மில்லிவாட் தாண்டியதும் பிரில்லூவன் சிதறல் ஒரு கணத்தில் வலுவான ஆடியாக மாறி, சேமித்த ஆற்றலை ஒரே துடிப்பில் கொட்டும். சராசரித் திறன்மானியில் ஒன்றும் தெரியாது. அலைக்காட்டியில் ஒழுங்கற்ற உயரமான துடிப்புகள் தெரியும், ஃபோட்டோடயோடு முதலில் பலியாகும். அட்டெனுவேட்டர் இல்லாமல் இணைக்க வேண்டாம்.

எதிர்த்திசையில், அதிகத் திறன் வேண்டுவோர் 1 மைக்ரான் பக்கம் போகிறார்கள். 1064 நானோமீட்டர் இட்டெர்பியம் லேசரைப் பம்பாக வைத்தால் ராமன் உச்சம் 1116-இல் விழும். அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் ரேலே சிதறல் மாறுவதால் அங்கே சிதறல் 1550-இல் இருப்பதைவிட மூன்றரை மடங்குக்கு மேல். சில நூறு மீட்டர் இழையே போதுமாகிறது. பெங்களூரு ஐஐஎஸ்சியில் கிரேட்டிங்குகளே இல்லாமல் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக ராமன் படிகளை ஏற்றும் லேசர்களை உருவாக்கி வெளியிட்டிருக்கிறார்கள். பம்பின் அலைநீளத்தை நகர்த்தினால் வெளியீடும் கூடவே நகரும். ஒவ்வொரு படிக்கும் தனித்தனி கிரேட்டிங் வாங்கும் செலவு மிச்சம்.

1116-க்கு மாறும்போது இங்கே கொடுத்த எண்களை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். இழப்பு, பெருக்கக் கெழு, பின்சிதறல் மூன்றும் மாறிவிடும். இழை தயாரிப்பாளரின் தாளிலிருந்து அந்த அலைநீளத்துக்குரிய மதிப்புகளை எடுத்து, திரெஷோல்டைப் புதிதாகக் கணக்கிடுங்கள். தொலைமுனை எத்தனை டிபிக்குக் கீழே அடங்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதி வைத்துவிட்டு, பிறகு கிளீவரை எடுங்கள்.